அவளுக்குத் தெரிய வேண்டாம்

1909 ஏப்ரலில் ‘மெடிக்கல் வேர்ல்ட்’ என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு கடிதம் வெளியானது. எழுதியவர் அடிசன் டேவிஸ் ஹார்ட் என்கிற டாக்டர். இருபத்தைந்து வருஷமாக மனசுக்குள் பூட்டி வைத்திருந்த ஒரு விஷயத்தை அந்தக் கடிதத்தில் போட்டு உடைத்திருந்தார்.

1884-ல் பிலடெல்பியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரிக்கு வசதியான ஒரு தம்பதி வருகிறார்கள். கணவர் வியாபாரி, வயது 41. மனைவிக்கு 31. கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. பேராசிரியர் வில்லியம் பான்கோஸ்ட் வழக்கம்போல மனைவியிடமிருந்துதான் ஆரம்பிக்கிறார். அந்தக் காலத்தில் என்னென்ன பரிசோதனை உண்டோ எல்லாம் செய்து பார்க்கிறார்கள். அந்தம்மாவிடம் ஒரு குறையும் இல்லை. கடைசியில் கணவரின் விந்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், அதில் ஒரு விந்தணுகூட இல்லை. இளவயதில் வந்துபோன வெட்டை நோய் பாதையை அடைத்துவிட்டது என்று முடிவுக்கு வருகிறார்கள். இரண்டு மாதம் மருந்து கொடுத்தும் பலனில்லை.

“வேலைக்காரனைக் கூப்பிட வேண்டியதுதான்” என்று வகுப்பில் ஒரு மாணவன் ஜோக் அடித்தான். பேராசிரியர் அதை ஜோக்காக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு பரிசோதனை என்று சொல்லி அந்தப் பெண்ணை வரவழைத்தார்கள். குளோரோஃபார்ம் கொடுத்து மயக்கினார்கள். ஆறு மாணவர்கள் சுற்றி நிற்க, வகுப்பிலேயே பார்க்க லட்சணமாக இருந்த மாணவனின் விந்தை ரப்பர் சிரிஞ்சில் எடுத்து அவள் கருப்பைக்குள் செலுத்தினார் பான்கோஸ்ட். அவள் கர்ப்பமானாள். ஆண் குழந்தை பிறந்தது.

பிறகு பேராசிரியருக்கு மனசு உறுத்தியிருக்க வேண்டும். கணவரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். அந்த மனிதர் கோபப்படவில்லை, சந்தோஷப்பட்டார். ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்: அவளுக்குத் தெரிய வேண்டாம்.

கடிதத்தை எழுதிய ஹார்ட், அந்த ஆறு மாணவர்களில் ஒருவர். 25 வயது இளைஞனாகிவிட்ட அந்த மகனைத் தேடிப் போய்க் கை குலுக்கிவிட்டு வந்ததாகவும் எழுதியிருந்தார். லட்சணமான மாணவன் அவரேதானோ என்ற சந்தேகம் அதைப் படித்த பலருக்கும் உண்டு.

தானமாகப் பெற்ற விந்தணு மூலம் நடந்த கருத்தரிப்புகளில் பதிவாகியிருக்கும் முதல் சம்பவம் என்று மருத்துவ வரலாறு இதைச் சொல்கிறது. இன்றைய சட்டத்தில் இது கிரிமினல் குற்றம். குறை ஆணுடையது, சிகிச்சை பெண்ணின் உடம்பில், ரகசியம் மறுபடி ஆணுடையது. இதற்குப் பிறகான 140 வருஷ வரலாற்றில் கருவிகள் மாறியிருக்கின்றன. இந்த மூன்று எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதுதான் கேள்வி.

*

நம் ஊரில் கல்யாணமாகி ஆறு மாதம் ஆனால் போதும், “விசேஷம் ஏதும் உண்டா?” என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். கேள்வி எப்போதும் மருமகளைப் பார்த்துத்தான் வரும். மலடி என்ற சொல் தெருச்சண்டையில் கத்தி மாதிரி வந்து விழும். மலடன் என்று ஒரு சொல் அகராதியில் இருக்கிறது. அதை யாராவது யாரையாவது பார்த்துச் சொல்லி எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

ஆனால் ஆண் பக்கமும் குறை இருக்கலாம் என்பது நம் முன்னோருக்குத் தெரியாத விஷயமில்லை. மகாபாரதத்தின் குடும்ப மரமே அதன்மேல்தான் நிற்கிறது. விசித்திரவீரியன் பிள்ளை இல்லாமல் செத்துப்போகிறான். வம்சம் அறுந்துவிடக் கூடாது என்று சத்தியவதி தன் மூத்த மகன் வியாசனை வரவழைக்கிறாள். அவன் கோலத்தைக் கண்டு அம்பிகை கண்ணை மூடிக்கொள்கிறாள், அம்பாலிகை வெளிறிப்போகிறாள். திருதராஷ்டிரனும் பாண்டுவும் அப்படி வந்தவர்கள்தான். நியோகம் என்று அதற்கு ஒரு பெயரும் விதிமுறையும் இருந்தன. பிறக்கும் பிள்ளை இறந்த கணவனின் பிள்ளையாகவே எண்ணப்படும். ராணிகள் இருவரும் அதை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதைக் கதை ஒளிக்கவில்லை: ஒருத்தி வெளிறிப்போனாள், கண்ணை மூடிக்கொண்டவள் இரண்டாம் முறை தனக்குப் பதிலாகப் பணிப்பெண்ணை அனுப்பி வைத்தாள்.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-ல் வந்தது. காளி, பொன்னா என்கிற தம்பதிக்குக் குழந்தையில்லை. திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவைச் சுற்றி நாவல் நகர்கிறது. 2014 டிசம்பரில் எதிர்ப்பு கிளம்பியது. 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்க வேண்டி வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் மறுபடி எழுத வந்தார். அந்தச் சண்டையில் கோயில், சாதி, பெண்களின் மானம் என்று எல்லாம் பேசப்பட்டது. நாவலுக்குள் ஓடும் சின்ன விஷயம் ஒன்று அந்தச் சத்தத்தில் அமுங்கிவிட்டது. குறை தன்னிடம் இருக்குமோ என்ற கேள்வி காளியை உள்ளுக்குள் தின்கிறது. அதைச் சொல்லி அழ அவனுக்கு ஓர் இடமும் இல்லை.

*

அறிவியலுக்கும் இந்தக் கூச்சம் இருந்தது.

விந்தணுவை முதலில் பார்த்தவர் ஒரு ஜவுளி வியாபாரி. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்து ஆண்டனி வான் லேவன்ஹுக், துணியின் தரம் பார்க்கிற லென்ஸில் ஆரம்பித்து, தானே மைக்ராஸ்கோப் செய்து கண்ணில் பட்டதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர். 1677-ல் லைடன் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நோயாளியின் விந்தைக் கொண்டுவந்து, இதில் வாலோடு ஏதோ நீந்துகிறது என்று காட்டினார். லேவன்ஹுக் தன்னுடையதையே எடுத்துப் பார்த்தார். லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில், இது பாவ வழியில் எடுத்தது இல்லை, மனைவியோடு கூடிய பிறகு மிஞ்சியது என்று விளக்கம் கொடுத்தார். அறிஞர்களுக்கு அருவருப்பாகத் தோன்றினால் வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

பார்த்தாகிவிட்டது, ஆனால் அது எதற்கு என்று புரிய இருநூறு வருஷம் ஆனது. 1694-ல் ஹார்ட்சூக்கர் என்பவர் விந்தணுவின் தலைக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி மனிதன் உட்கார்ந்திருப்பதாகப் படம் போட்டார். முழு மனிதனும் ஆணிடமிருந்தே வருகிறான், பெண் வெறும் நிலம் என்கிற எண்ணம்! ‘விதை’, ‘நிலம்’ என்று நாமும்தானே பேசுகிறோம்.

இத்தாலியப் பாதிரியார் ஸ்பல்லன்சானி ஆண் தவளைகளுக்கு டாஃபெட்டா துணியில் குட்டியாகக் கால்சட்டை தைத்துப் போட்டுவிட்டார். கால்சட்டை போட்ட தவளை கூடினால் முட்டை பொரிக்கவில்லை. துணியில் ஒட்டியிருந்த விந்தை எடுத்து முட்டையில் தடவினால் பொரித்தது. அடுத்து ஒரு பெண் நாய்க்குச் சிரிஞ்சில் விந்து செலுத்தினார். 62 நாள் கழித்து மூன்று குட்டிகள். விந்தை வடிகட்டிப் பார்த்தபோது, வடிந்த நீருக்குச் சக்தி இல்லை, வடிதாளில் தங்கியதற்குத்தான் சக்தி என்பதும் தெரிந்தது. இவ்வளவு செய்தும், அந்த நீந்தும் பூச்சிகள் ஒட்டுண்ணிகள், அவற்றுக்கும் கருவுக்கும் சம்பந்தமில்லை என்றே கடைசிவரை நம்பினார். 1876-ல் ஆஸ்கர் ஹெர்ட்விக் கடல் முள்ளெலியின் கண்ணாடி போன்ற முட்டையில் இரண்டு உட்கருக்கள் ஒன்றாவதைக் கண்டு எழுதியபோதுதான் விஷயம் தெளிவானது. அதாவது பான்கோஸ்ட்டின் சிரிஞ்சுக்கு எட்டு வருஷம் முன்பு.

*

தெளிவானதும் டாக்டர்கள் ஆண்களைப் பரிசோதிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்தால் தப்பு. நியூயார்க்கின் மேரியன் சிம்ஸ் 1866-லேயே மைக்ராஸ்கோப்பில் விந்தணுவைத் தேட வேண்டும் என்று எழுதினார். ஆனால் கணவனிடம் போய்க் கேட்கவில்லை. கூடலுக்குப் பிறகு மனைவியின் உடம்பிலிருந்துதான் மாதிரி எடுத்தார். (அடிமைக் கறுப்பினப் பெண்களின் உடம்பில் மயக்க மருந்தில்லாமல் அறுவை செய்து பழகியவர் இதே சிம்ஸ்தான்.) 1872-ல் நோகரத் என்ற டாக்டர், கணவனிடம் மறைந்திருக்கும் வெட்டை நோய் மனைவியையும் மலடாக்குகிறது என்று எழுதியபோது சக டாக்டர்களே கேலி செய்தார்கள். மரியாதைக்குரிய கணவன்மார்களைப் பற்றி அப்படிப் பேசலாமா?

எண்ணிப் பார்க்கும் பழக்கம் 1929-ல் பாஸ்டனில் வந்தது. மாகோம்பர், சாண்டர்ஸ் என்ற இருவர், மில்லிலிட்டருக்கு ஆறு கோடி விந்தணு என்று ஒரு கோடு போட்டார்கள். 1951-ல் நியூயார்க்கின் மெக்லியோட் அதை இரண்டு கோடிக்கு இறக்கினார். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு 1.6 கோடி என்கிறது. ஒரு வருஷத்துக்குள் அப்பாவான ஆண்களை வரிசையாக நிறுத்தினால், கடைசி ஐந்து சதவீதம் ஆரம்பிக்கிற இடம் அது. அதற்குக் கீழே இருந்தால் பிள்ளையே பிறக்காது என்று அர்த்தமில்லை. ஆனால் லேப் ரிப்போர்ட்டைக் கையில் வாங்குகிற ஆணுக்கு அந்தக் கோடு பாஸ், ஃபெயில் மாதிரிதான் தெரிகிறது.

குழந்தையின்மையில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது என்பது இன்று பாடப்புத்தக உண்மை. ஒரு கப், ஒரு மைக்ராஸ்கோப், ஒரு மணி நேரம் போதும். குழந்தையின்மைக்கான பரிசோதனைகளிலேயே மலிவானது, வலியில்லாதது இதுதான். இருந்தும் பல வீடுகளில் கடைசியாக நடப்பதும் இதுதான். அரசமரத்தைச் சுற்றியதும் அவள், விரதம் இருந்ததும் அவள், ஸ்கேன் எடுத்ததும் அவள். “அவருக்கு எதுக்கு டெஸ்ட்டு? அவங்க வம்சத்துல அப்படியெல்லாம் கிடையாது” என்று சொல்ல வீட்டில் ஒரு ஆள் எப்போதும் உண்டு.

*

விந்தணு இல்லாத ஆணுக்கு இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஒரே வழி, இன்னொருவருடையதைப் பெறுவது. லண்டனில் மேரி பார்ட்டன் என்ற டாக்டர் இதற்காகவே கிளினிக் நடத்தினார். 1945-ல் அவரும் சகாக்களும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை எழுதியதும் நாடே கொதித்தது. 1948-ல் கேன்டர்பரி ஆர்ச்பிஷப் அமைத்த குழு இதைக் குற்றமாக அறிவிக்கச் சொன்னது. அடுத்த வருஷம் போப்பும் கண்டித்தார். 1954-ல் சிகாகோ நீதிமன்றம் ஒன்று, கணவன் சம்மதித்தாலும் சரி, இது மனைவியின் கள்ள உறவுக்குச் சமம், பிறக்கும் குழந்தை முறைகேடானது என்றது. சிரிஞ்சோடு கள்ள உறவு!

இப்படிப்பட்ட உலகத்தில் எல்லாரும் ரகசியத்துக்குள் ஒதுங்கினார்கள். கணவனின் விந்தையும் தானமாக வந்ததையும் கலந்து செலுத்துகிற வழக்கம் இருந்தது. அன்று இரவு கணவனும் மனைவியும் சேர்ந்திருங்கள் என்று டாக்டர்கள் சொல்லி அனுப்புவார்கள். யாருடைய குழந்தை என்பதில் ஒரு சின்ன சந்தேகம் மிஞ்சினால் போதும், அந்தச் சந்தேகத்தில் கணவன் வாழ்நாள் முழுக்கக் குடியிருந்துகொள்ளலாம். பார்ட்டனின் பதிவேடுகள் அழிக்கப்பட்டன. அங்கே பிறந்தவர்கள் பிற்பாடு டிஎன்ஏ பரிசோதனை செய்துகொண்டபோது, பலர் ஒரே அப்பாவிடம் போய்ச் சேர்ந்தார்கள். அவர் பார்ட்டனின் கணவர் பெர்டோல்ட் வீஸ்னர். அவருக்கு இப்படி 600 பிள்ளைகள் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

இடையில் ஒரு பாட்டில் மாறிப்போன கதையும் உண்டு. 1949-ல் லண்டன் மில் ஹில் ஆய்வகத்தில் சேவலின் விந்தை உறையவைக்க முயன்றுகொண்டிருந்தார்கள் போல்ஜும் சகாக்களும். சர்க்கரைக் கரைசல் என்று எடுத்த பாட்டிலில் திடீரென்று நல்ல பலன். பரிசோதித்தால், லேபிள் மாறியிருக்கிறது, உள்ளே இருந்தது கிளிசரால். 1953-ல் அமெரிக்காவின் அயோவாவில் பங்கேயும் ஷெர்மனும் அதே முறையில் உறையவைத்த மனித விந்தணுவால் கர்ப்பம் உண்டாக்கினார்கள். விந்து வங்கிகள் அங்கிருந்து வந்தவை. இன்று புற்றுநோய் சிகிச்சைக்குப் போகும் இளைஞன் தன் விந்தணுவை மைனஸ் 196 டிகிரியில் சேமித்துவிட்டுப் போக முடிகிறதென்றால், அந்த லேபிளுக்கும் ஒரு பங்கு உண்டு.

*

1978 ஜூலை 25, இங்கிலாந்தின் ஓல்டம் நகரத்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். எட்வர்ட்ஸ், ஸ்டெப்டோ, ஜீன் பர்டி மூவரின் பத்து வருஷ உழைப்பு. 70 நாள் கழித்து, அக்டோபர் 3-ல் கொல்கத்தாவில் துர்கா பிறந்தாள். டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் சொன்னதை மேற்கு வங்க அரசு அமைத்த குழு நம்பவில்லை. அவரை எழுதவும் பேசவும் விடாமல் அடித்தார்கள். 1981 ஜூன் 19 அன்று அவர் தற்கொலை செய்துகொண்டார். 1986-ல் மும்பையில் பிறந்த ஹர்ஷாவை உருவாக்கிய குழுவின் ஆனந்த் குமார்தான், முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துவிட்டு, முதல் ஆள் நானல்ல, அவர்தான் என்று 1997-ல் எழுதினார். இந்திய அறிவியலில் அப்படி ஒரு நேர்மையை அடிக்கடி பார்க்க முடியாது.

லூயிஸின் அம்மாவுக்குக் கருக்குழாயில் அடைப்பு. டெஸ்ட் டியூப் பேபி முறை அந்த மாதிரிப் பெண்களுக்காக வந்தது. ஆணின் பிரச்சினையை அது தொடவே இல்லை. கண்ணாடித் தட்டில் ஒரு கருமுட்டையைச் சுற்றி ஐம்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் விந்தணு விட வேண்டும். அவை முட்டி மோதி, முட்டையின் தடித்த ஓட்டை ஒன்றாவது துளைக்க வேண்டும். எண்ணிக்கையும் இல்லை, நீந்தவும் தெம்பில்லை என்றால் கதை அங்கேயே முடிந்தது. ஓட்டில் ஓட்டை போட்டுப் பார்த்தார்கள். ஓட்டுக்கும் முட்டைக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் சில விந்தணுக்களை விட்டுப் பார்த்தார்கள். எப்போதாவது பலித்தது.

பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் இந்த இடுக்கு வேலையைச் செய்துகொண்டிருந்தவர் ஜான்பியரோ பலெர்மோ என்கிற இத்தாலிய இளைஞர். ஒருநாள் ஊசி கொஞ்சம் ஆழமாகப் போய், முட்டையின் சவ்வைத் தாண்டி உள்ளேயே விந்தணு போய்விட்டது. கெட்டுப்போயிருக்க வேண்டிய முட்டை மறுநாள் கருவாகியிருந்தது. வெள்ளெலி முட்டையில் 1976-லேயே ஹவாயில் இதைச் செய்திருந்தார்கள். மனிதனில் இந்த முறையில் ஒரு குழந்தை அதுவரை பிறந்திருக்கவில்லை. 1992 ஜனவரியில் இந்த முறையில் முதல் குழந்தை பிறந்தது. ஜூலையில் ‘லான்செட்’ இதழில் பலெர்மோவும் வான் ஸ்டெர்டெகமும் சகாக்களும் இரண்டு பக்கத்தில் விஷயத்தைச் சொன்னார்கள். இக்சி என்று இன்று எல்லா ஊர் போர்டிலும் இருப்பது அதுதான்.

வேலை என்னவோ பொற்கொல்லர் வேலை மாதிரி. கருமுட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. விந்தணுவின் தலை அதில் இருபதில் ஒரு பங்கு. இடதுபக்கக் கண்ணாடிக் குழாய் முட்டையை மெல்ல உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். வலதுபக்க ஊசியால் விந்தணுவின் வாலை ஒரு அமுக்கு அமுக்கி ஓடவிடாமல் செய்து, வால் பக்கமாக உறிஞ்சி, முட்டைக்குள் குத்தி இறக்க வேண்டும். கோடிகள் தேவையில்லை, ஒன்று போதும். அடுத்த வருஷமே விதைப்பையிலிருந்து நேரடியாக எடுத்த விந்தணுவாலும் முடியும் என்று காட்டினார்கள். விந்தில் ஒன்றுகூட இல்லை என்று கைவிடப்பட்ட ஆண்களில் ஒரு பகுதியினர் முதல்முறையாகத் தங்கள் சொந்தப் பிள்ளையைத் தூக்கினார்கள். பிலடெல்பியா வியாபாரியின் அடைப்புக்கும் இன்று இதுதான் வழி.

*

சரி, மூன்றில் எது மாறியது?

குறையைக் கடந்துபோக வழி வந்துவிட்டது. சிகிச்சை நடக்கிற இடம் மாறவில்லை. கணவனின் எண்ணிக்கை குறைவு என்பதற்காக, எந்தக் குறையும் இல்லாத மனைவி சுமார் பத்து நாள் தினமும் வயிற்றில் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறாள். கடைசி ஊசிக்கு 36 மணி நேரம் கழித்து மயக்க மருந்து, முட்டை எடுக்க இன்னொரு ஊசி. சிலருக்கு வயிறு வீங்கி நீர் கோத்து, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியும் வரும். பலிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. ஆணுக்குக் குறை ஏன் வந்தது என்று தேடுகிற ஆராய்ச்சிக்கு அவசரம் குறைந்துபோனதும் இதன் விளைவுதான். ஒன்று கிடைத்தால் போதும் என்று ஆனபிறகு மற்ற கோடி ஏன் காணாமல் போனது என்று யார் கேட்பார்கள்? உலகத்தில் இன்று நடக்கிற சோதனைக்குழாய்ச் சிகிச்சைகளில் பாதிக்கு மேல் இக்சிதான். ஆணிடம் குறையே இல்லாத தம்பதிகளுக்கும் அதைச் செய்கிறார்கள்.

ரகசியம் கொஞ்சம் மாறியிருக்கிறது, எல்லா ஊரிலும் இல்லை. தானமாகப் பெற்ற விந்தணுவில் பிறந்தவர் வளர்ந்த பிறகு அது யார் என்று தெரிந்துகொள்ளலாம் என்று 1984-ல் ஸ்வீடன் சட்டம் போட்டது. 2005-ல் பிரிட்டனும் வந்தது. இந்தியாவில் 2021-ன் சட்டம், பிறக்கும் குழந்தை எல்லா உரிமையோடும் அந்தத் தம்பதியின் குழந்தைதான் என்கிறது. ஒருவருடைய தானம் ஒரு தம்பதிக்கு மேல் போகக் கூடாது என்கிறது. வீஸ்னர் மாதிரி ஒருவர் இனி சட்டப்படி சாத்தியமில்லை. தானம் தந்தவரின் அடையாளத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. குழந்தைக்கு உரிமை உண்டு, ஆனால் கேள்வி கேட்க ஆள் கிடையாது.

பிள்ளைகள் சம்பந்தப்பட்ட இன்னொரு விஷயம் இருக்கிறது. விந்தணு உற்பத்திக்குத் தேவையான சில துண்டுகள் ஒய் குரோமோசோமில் இருக்கின்றன, அவை சிலருக்கு அறுந்துபோயிருக்கும் என்பது 1976-லேயே தெரிந்த செய்தி. ஒய் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போவது. இயற்கை அங்கே நிறுத்தியதை ஊசி தாண்டிக் கொண்டுபோகிறது என்றால், மகன்? பிரஸ்ஸல்ஸ்காரர்கள் இந்தக் கேள்வியிலிருந்து ஓடவில்லை. தங்கள் முறையில் பிறந்து 18 முதல் 22 வயதாகியிருந்த 54 இளைஞர்களைத் தேடிப்பிடித்து, விந்துப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். 2016-ல் முடிவு வெளிவந்தது. அவர்களின் நடுமதிப்பு மில்லிலிட்டருக்கு 1.77 கோடி, இயல்பாகப் பிறந்த சமவயது இளைஞர்களுக்கு 3.7 கோடி.

அந்த எண்ணைவிட, அந்த 54 பேர் வந்தார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. தாங்கள் எப்படிப் பிறந்தோம் என்பதை வீட்டில் யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவுக்கு இப்படி ஒரு பிரச்சினை இருந்தது, அதற்காக அம்மா இதையெல்லாம் செய்துகொண்டாள் என்று சாப்பாட்டு மேஜையில் ஒருநாள் பேச்சு நடந்திருக்கும். அதைக் கேட்டு வளர்ந்த பையன், இருபது வயதில், ஒரு கப்பை வாங்கிக்கொண்டு லேபுக்குள் போயிருக்கிறான்.